220-உம் 284-உம்: நட்பு எண்களைக் கையாலேயே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

220 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மீதியில்லாமல் வகுக்கிற எண்களையெல்லாம் எழுதி, 220-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 284 வரும். சரி, 284-க்கும் அதையே செய்தால்? 220 வந்து நிற்கும். ஒன்றின் காரணிகள் சேர்ந்து இன்னொன்றைத் தருகின்றன, அந்த இன்னொன்றின் காரணிகள் சேர்ந்து முதலாவதைத் திருப்பித் தருகின்றன. இப்படி அமைகிற இரண்டு எண்களுக்குத்தான் நட்பு எண்கள் என்று பெயர்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது என்றைக்குமே போதவில்லை. 220 எங்கிருந்து வந்தது, 222 ஏன் இல்லை, அடுத்த ஜோடியை எப்படித் தேடுவது, கணினி இல்லாத காலத்தில் ஒருவர் எப்படி இதற்கு ஒரு விதியே கண்டுபிடித்தார் என்பதெல்லாம்தானே சுவையான பகுதி? ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள். பெருக்கல், கூட்டல், பத்தாம் வகுப்பு இயற்கணிதம் தெரிந்தால் தாராளம்.

காரணிகளை ஒன்றுவிடாமல் எழுதுவது

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது, அதனால் இதில் அவசரப்படாதீர்கள். காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடாமல் ஜோடி ஜோடியாகத் தேடுங்கள். 220-ஐ 4-ஆல் வகுத்தால் 55 வருகிறது என்றால் 4-உம் காரணி, 55-உம் காரணி, ஒரே வகுத்தலில் இரண்டு கிடைத்துவிட்டது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு: ஜோடியில் ஒன்று கட்டாயம் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 14×14 = 196, 15×15 = 225, ஆக 220-இன் வர்க்கமூலம் 14-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கிறது. 1 முதல் 14 வரை சோதித்தால் வேலை முடிந்தது.

1×220, 2×110, 4×55, 5×44, 10×22, 11×20. அவ்வளவுதான். 3, 6, 7, 8, 9, 12, 13, 14 எதுவும் வகுக்காது. 220-ஐ விட்டுவிட்டுக் கூட்டுவோம். இடது பக்கம் 1+2+4+5+10+11 = 33. வலது பக்கம் 110+55+44+22+20 = 251. இரண்டும் சேர்ந்து 284.

284-க்கு இன்னும் சுலபம். 1×284, 2×142, 4×71. வர்க்கமூலம் 17-ஐத் தொடவில்லை, 16 வரை பார்த்தால் வேறு எதுவும் கிடைக்காது. 1+2+4+71+142 = 220. வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை மூன்று. 1-ஐ மறந்துவிடக் கூடாது. அந்த எண்ணையே கூட்டலில் சேர்த்துவிடக் கூடாது (இப்போதைக்கு, கொஞ்ச நேரத்தில் வேண்டுமென்றே சேர்க்கப்போகிறோம்). அப்புறம், 144 மாதிரி முழு வர்க்கமாக இருந்தால் 12×12 என்று வருகிற இடத்தில் 12-ஐ ஒருமுறைதான் எழுத வேண்டும்.

எல்லாம் எழுதியாயிற்றா என்று சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. எண்ணைப் பகா எண்களாக உடையுங்கள்: 220 = 2×2×5×11. இதில் 2 இரண்டு தடவை, 5 ஒரு தடவை, 11 ஒரு தடவை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3×2×2 = 12. அதாவது 220-ஐயும் சேர்த்து மொத்தம் 12 காரணிகள் இருந்தாக வேண்டும். நம் பட்டியலில் ஆறு ஜோடிகள், பன்னிரண்டு எண்கள். கணக்குச் சரி.

அந்த எண்ணையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகிறது

நட்பு எண்கள் ஏதோ மாயம் மாதிரித் தெரிவதற்குக் காரணமே, அந்த எண்ணை விட்டுவிட்டுக் கூட்டுகிறோம் என்பதுதான். அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 220-க்கு 284+220 = 504. 284-க்கு 220+284 = 504. இரண்டுக்கும் ஒரே தொகை, அந்தத் தொகை இரண்டு எண்களின் கூட்டலேதான். நட்பு எண்களுக்கான விதியை இப்படித் திருப்பிச் சொல்லலாம்: இரண்டு எண்களின் முழுக் காரணித் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தத் தொகை அவ்விரண்டு எண்களின் கூட்டுத்தொகையாகவும் இருக்க வேண்டும்.

இதில் என்ன லாபம் என்றால், முழுக் காரணித் தொகையைப் பெருக்கியே கண்டுபிடித்துவிடலாம். (1+2+4) × (1+5) × (1+11) என்று எழுதி அடைப்புக்குறிகளைப் பிரித்துப் பாருங்கள். முதலாவதிலிருந்து ஒன்று, இரண்டாவதிலிருந்து ஒன்று, மூன்றாவதிலிருந்து ஒன்று என்று எடுத்துப் பெருக்கும்போது 220-இன் ஒவ்வொரு காரணியும் சரியாக ஒருமுறை வரும். 4, 5, 1 எடுத்தால் 20 வரும்; 2, 1, 11 எடுத்தால் 22 வரும். ஆக மொத்தத் தொகை 7×6×12 = 504. 284 = 2×2×71, அதன் தொகை 7×72 = 504. காரணிகளைப் பட்டியல் போடவே தேவையில்லை, பகா எண்களாக உடைக்கத் தெரிந்தால் போதும்.

இன்னொரு ஜோடியில் இதைச் செய்து கையைப் பழக்கிக்கொள்வோம். 1184-உம் 1210-உம். 1184 = 32×37. 32-இன் காரணிகள் 1+2+4+8+16+32 = 63; 37-க்கு 1+37 = 38. 63×38 = 2394. 1210 = 2×5×11×11. இங்கே 11 இரண்டு தடவை வருவதால் 1+11+121 = 133 என்று எடுக்க வேண்டும் (12×12 என்று போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்). 3×6×133 = 2394. 1184+1210-உம் 2394. நட்பு உறுதி. இந்த ஜோடிக்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வேண்டாத எண்களை முதலிலேயே கழித்துவிடவும் ஒரு வழி உண்டு. தன்னைத் தவிர்த்த காரணிகளின் தொகை தன்னைவிடப் பெரிதாக இருந்தால் அதை மிகை எண் என்பார்கள், சிறிதாக இருந்தால் குறை எண். நட்பு ஜோடியில் சிறிய எண் கட்டாயம் மிகை எண், பெரியது கட்டாயம் குறை எண். 220 தன்னைவிடப் பெரிய 284-ஐத் தருகிறது, 284 தன்னைவிடச் சிறிய 220-ஐத் தருகிறது, வேறு மாதிரி இருக்கவே முடியாது. ஆகையால் தேடும்போது மிகை எண்களிலிருந்து ஆரம்பியுங்கள்: 12, 18, 20, 24, 30 என்று அவை போகும். தொகை சரியாகத் தனக்கே சமமாக வந்தால் அது நிறைவு எண்: 6, 28, 496, 8128. தனக்குத் தானே நண்பன் என்று அதைச் சொல்லலாம்தான், ஆனால் நட்பு ஜோடிக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. இரண்டு எண்களும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

கால், அரைக்கால், மாகாணி: ஜோடியை உருவாக்கும் விதி

இந்த வழிகாட்டியை எழுத நினைத்ததே இந்தப் பகுதிக்காகத்தான். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த தாபித் இப்னு குர்ரா என்ற கணித அறிஞர், நட்பு எண்களை உருவாக்க ஒரு பொது விதியைக் கொடுத்து அதை நிரூபித்தும் காட்டினார். அவர் சொந்த ஊர் ஹர்ரான், இன்றைய துருக்கியில் இருக்கிறது. கிரேக்கக் கணித நூல்கள் பலவற்றை அரபுக்குக் கொண்டுவந்தவர், 901-இல் இறந்தார். அவருக்கு முன்பு 220, 284 என்ற ஒரே ஜோடிதான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் விதியை அவர் சொன்ன வடிவத்திலேயே மனப்பாடம் செய்யாமல் நாமே வரவழைத்துப் பார்ப்போம், அப்போதுதான் அது மறக்காது.

220-உம் 284-உம் எந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 220 = 4×5×11, 284 = 4×71. இரண்டிலும் பொதுவாக 4. ஒன்றில் இரண்டு பகா எண்கள், இன்னொன்றில் ஒன்று. இதே அச்சில் வேறு ஜோடிகள் உண்டா என்பதுதான் கேள்வி.

பொதுவாக இருக்கிற பகுதியை 'அ' என்போம். அது 4, 8, 16, 32 மாதிரி 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி வந்த எண். பகா எண்கள் ப, க, ர. ஆக முதல் எண் அ×ப×க, இரண்டாவது அ×ர. ப, க, ர மூன்றும் ஒற்றைப்படைப் பகா எண்கள், ப-உம் க-உம் வேறு வேறு.

அ-இன் காரணித் தொகை 1+2+4+... என்று போய் அ-வில் முடியும். அது எப்போதும் 2அ−1 (4-க்கு 7, 8-க்கு 15, 16-க்கு 31). ஆக முதல் எண்ணின் முழுத் தொகை (2அ−1)×(ப+1)×(க+1), இரண்டாவதின் முழுத் தொகை (2அ−1)×(ர+1). இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் ர+1 = (ப+1)×(க+1). சரிபாருங்கள்: 72 = 6×12.

எழுத வசதியாக ப+1-ஐ 'ச' என்றும் க+1-ஐ 'த' என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ர = சத−1. ப×க என்பது (ச−1)×(த−1), பிரித்தால் சத−ச−த+1. இப்போது இரண்டாவது நிபந்தனை: அந்த முழுத் தொகை, இரண்டு எண்களின் கூட்டலாக இருக்க வேண்டும். அதாவது

(2அ−1)×சத = அ×(ப×க + ர) = அ×(2சத−ச−த).

இடது பக்கம் 2அ×சத − சத. வலது பக்கம் 2அ×சத − அ×(ச+த). இரண்டிலும் இருக்கிற 2அ×சத அடிபட்டுப் போகிறது. மிச்சம்:

சத = அ×(ச+த).

இதை இரண்டு பக்கமும் அ×சத-ஆல் வகுத்துப் பாருங்கள். 1/ச + 1/த = 1/அ. அவ்வளவுதான்! இவ்வளவு பெரிய காரணிச் சமாச்சாரம் ஒரு சின்னப் பின்னக் கணக்காகச் சுருங்கிவிட்டது. முதல் தடவை இந்த வரி தாளில் விழுந்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

220, 284 ஜோடிக்கு அ = 4, ச = 6, த = 12. ஆறில் ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றும் சேர்ந்தால் கால். நம் பழைய பின்ன வாய்பாட்டில் கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொன்றும் பாதி பாதியாக இறங்கும் அல்லவா, அ-க்கு வருகிற எண்கள் எல்லாம் அந்த வரிசையேதான். கால் என்பது 1/4, அரைக்கால் 1/8, மாகாணி (வீசம் என்றும் சொல்வோம்) 1/16, அரைவீசம் 1/32. இந்தப் பின்னங்களை இரண்டு துண்டாக, மேலே 1 இருக்கிற மாதிரி உடைக்க வேண்டும். அப்புறம் ச, த இரண்டிலிருந்தும் 1 கழித்தால் பகா எண் வர வேண்டும், சத-இலிருந்து 1 கழித்தாலும் பகா எண் வர வேண்டும். மூன்றும் தேறினால் நட்பு ஜோடி.

உடைப்பதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. சத = அ×(ச+த) என்பதைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் (ச−அ)×(த−அ) = அ×அ. ஆக அ×அ-வை இரண்டு எண்களின் பெருக்கலாக எத்தனை விதமாகப் பிரிக்க முடியுமோ அத்தனையையும் சோதித்தால் போதும்.

கால்: அ = 4, 4×4 = 16. 1×16 என்று பிரித்தால் ச = 5, ப = 4, பகா எண் இல்லை (1-ஐ வைத்துப் பிரித்தால் எப்போதும் ப = அ என்று வந்துவிடும், அதனால் அதை இனி விட்டுவிடுங்கள்). 4×4 என்று பிரித்தால் ப-உம் க-உம் ஒன்றாகிவிடும், அதுவும் வேண்டாம். மிச்சம் 2×8. ச = 6, த = 12, ப = 5, க = 11, ர = 71. மூன்றும் பகா எண்கள். 220, 284. இந்த அச்சில் 4-க்கு வேறு ஜோடியே கிடையாது, இதுதான் ஒரே ஒன்று.

அரைக்கால்: அ = 8, 64-ஐப் பிரிக்க வேண்டும். 2×32 எடுத்தால் ச = 10, ப = 9, தேறாது. 4×16 எடுத்தால் ச = 12, த = 24; ப = 11, க = 23, இரண்டும் பகா எண்கள். ர = 12×24−1 = 287. அதுவும் தேறிவிடும் போலத்தான் தோன்றும், ஆனால் 287 = 7×41. அரைக்காலில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

மாகாணி: அ = 16, 256-ஐப் பிரிப்போம். 2×128: ச = 18, த = 144; ப = 17 சரி, க = 143 = 11×13, போயிற்று. 4×64: ச = 20, த = 80; ப = 19, க = 79, இரண்டும் நன்று; ர = 1599, இலக்கங்களைக் கூட்டினால் 24, ஆக 3-ஆல் வகுபடும், போயிற்று. 8×32: ச = 24, த = 48; ப = 23, க = 47, ர = 24×48−1 = 1151. இதன் வர்க்கமூலம் 34-க்குள், எனவே 31 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள், எதுவும் வகுக்காது. பகா எண்! 16×23×47 = 17296, 16×1151 = 18416. இரண்டாவது ஜோடியை வெறும் கையால் கண்டுபிடித்துவிட்டோம்.

தாபித் எடுத்துக்கொண்டது இந்தப் பிரிவுகளில் ஒரே ஒரு வகையைத்தான்: ஒரு துண்டு அ-வில் பாதி, இன்னொன்று அ-வில் இரட்டிப்பு (16-க்கு 8-உம் 32-உம்). அப்படி எடுத்தால் ச ஒன்றரை அ, த மூன்று அ. அரைவீசத்துக்கு (32) ச = 48, த = 96; க = 95, பகா எண் இல்லை. 64-க்கு ச = 96, திரும்பவும் அதே 95 குறுக்கே வருகிறது. அடுத்து 128, நம் கணக்கில் அரைக்கால் வீசம்: ச = 192, த = 384; 191, 383, 73727 மூன்றுமே பகா எண்கள். அது தருகிற ஜோடி 9363584, 9437056. இதற்குமேல் தாபித்தின் வகையில் எந்த ஜோடியும் இன்றுவரை கிடைக்கவில்லை.

எல்லாப் பிரிவுகளையும் சோதிக்கலாம் என்று விதியை விரித்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் சுவிஸ் கணித மேதை ஆய்லர். அந்த விரிந்த விதியில் 256-க்கு ஒன்று தேறுகிறது: 2×32768 என்று பிரித்தால் ச = 258, த = 33024; ப = 257, க = 33023, ர = 8520191. 2172649216, 2181168896 என்ற ஜோடி. 8520191 பகா எண்தானா என்று கையால் சோதிக்க உட்கார வேண்டாம், அதற்கு வர்க்கமூலம் 2900-த்துச் சொச்சம் வரை போக வேண்டும்.

யார் எப்போது கண்டுபிடித்தார்கள்

17296, 18416 ஜோடியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1636-இல் அறிவித்தார், ஐரோப்பாவில் அது அவர் பெயராலேயே வெகுகாலம் வழங்கியது. உண்மையில் 1300-ஐ ஒட்டிய காலத்திலேயே மொராக்கோவின் இப்னு அல்-பன்னாவுக்கும் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிசிக்கும் அது தெரிந்திருந்தது. 9363584-இல் தொடங்கும் ஜோடியைப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் 1638-இல் சக அறிஞர் மெர்சென்னுக்கு எழுதினார். ஈரானின் முகம்மது பாகிர் யஸ்தியும் பதினேழாம் நூற்றாண்டில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தவர் பெயர்களை எழுதும்போது ஃபெர்மா, டேக்கார்ட் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. விதியை நிரூபித்தவர் அவர்களுக்கு எழுநூறு ஆண்டு முன்னால் இருந்தார்.

கணிதத்துக்கு வெளியேயும் இந்த எண்களுக்கு மதிப்பு இருந்தது. நண்பன் யார் என்று கேட்டதற்கு, இன்னொரு நான், 220-உம் 284-உம் மாதிரி என்று பைதாகரஸ் சொன்னதாக ஒரு பழைய கதை. அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து இயாம்பிளிக்கஸ் என்ற தத்துவ அறிஞர் எழுதி வைத்தது. அரபு வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் தன் வரலாற்று நூலின் முன்னுரையில், இந்த இரண்டு எண்களைப் பொறித்த தாயத்துகள் அன்பைச் சேர்த்துவைக்கும் என்று நம்பியவர்களைப் பற்றிச் சொல்கிறார்.

1747-இல் ஆய்லர் வந்தார். அதுவரை மூன்றே ஜோடிகள் தெரிந்திருந்த இடத்தில் அவர் ஒரேயடியாக முப்பது ஜோடிகள் கொண்ட பட்டியலை வெளியிட்டு, அப்புறம் அதை அறுபதுக்குப் பக்கமாக வளர்த்தார். அச்சை மாற்றினார் அவர், அதுதான் விஷயம். இரண்டு எண்ணிலும் இரண்டிரண்டு பகா எண்கள் இருந்தால் என்ன? 2620 = 4×5×131, 2924 = 4×17×43. பொதுவான 4-ஐ விட்டுவிட்டால் 6×132 = 792, 18×44 = 792. இரண்டுக்கும் ஒரே தொகை. 5020 = 4×5×251, 5564 = 4×13×107: 6×252 = 1512, 14×108 = 1512. பொதுப் பகுதி 2-இன் பெருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று அவர் காட்டினார்.

இப்போது 1184, 1210-இன் கதை. ஃபெர்மா, டேக்கார்ட், ஆய்லர் என்று எல்லார் கண்ணுக்கும் தப்பிய இந்த ஜோடியை 1866-இல் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலோ பகனினி என்ற பதினாறு வயதுப் பையன் கண்டுபிடித்தான் (வயலின் மேதை பகனினி வேறு, அவர் 1840-இலேயே இறந்துவிட்டார்). 220-க்கு அடுத்தபடியான மிகச் சிறிய ஜோடி இதுதான்! பதினேழாயிரத்தையும் தொண்ணூற்று மூன்று லட்சத்தையும் எட்டிப் பிடித்தவர்கள் ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்ததை விட்டுவிட்டார்கள். ஏன் என்று காரணிகளைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. 1184 = 2×2×2×2×2×37, 1210 = 2×5×11×11. இரண்டுக்கும் பொதுவானது ஒரே ஒரு 2 மட்டும். ஒன்றில் 2 ஐந்து தடவை, மற்றதில் 11 இரண்டு தடவை. எந்த அச்சிலும் உட்காராத ஜோடி. விதி வைத்துத் தேடுகிறவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது, வரிசையாக ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் கிடைக்கும்.

வரிசையாகத் தேடுவது: கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி

எந்த நிரல்மொழி தெரிந்தாலும் சரி, முறை ஒன்றுதான். ஒவ்வொரு எண்ணையும் எடுத்து அதன் காரணிகளைத் தேடாதீர்கள், அது வீண் வேலை. அதற்குப் பதில் 1 முதல் 10000 வரை எண்ணிட்ட பெட்டிகளை வைத்து, எல்லாவற்றிலும் 0 போடுங்கள். இப்போது 1-ஐ எடுத்து 2, 3, 4 என்று எல்லாப் பெட்டிகளிலும் 1-ஐக் கூட்டுங்கள். 2-ஐ எடுத்து 4, 6, 8 பெட்டிகளில் 2-ஐக் கூட்டுங்கள். 3-ஐ எடுத்து 6, 9, 12-இல் 3. எந்த எண்ணையும் அதன் சொந்தப் பெட்டியில் கூட்டாமல், அதன் இரட்டிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 5000 வரை இப்படிச் செய்தால் (அதற்குமேல் உள்ள எண்ணின் இரட்டிப்பு 10000-ஐத் தாண்டிவிடும்) ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண்ணின் காரணித் தொகை தானாகச் சேர்ந்திருக்கும். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் குறைவான கூட்டல்கள், கணினிக்குக் கண் இமைக்கிற நேரம்.

பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் போங்கள். 220-ஆம் பெட்டியில் 284 இருக்கிறதா? 284-ஆம் பெட்டியைத் திறந்து அங்கே 220 இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கிற எண் பெட்டி எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்தால், ஒரே ஜோடி இரண்டு தடவை வராது, நிறைவு எண்களும் உள்ளே நுழையாது.

10000 வரை ஐந்தே ஜோடிகள்: 220, 284; 1184, 1210; 2620, 2924; 5020, 5564; 6232, 6368. உங்கள் நிரல் இவற்றைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் எல்லையைக் கூட்டுங்கள். ஒரு இடத்தில் ஏமாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 70000 என்று எல்லை வைத்தால் 63020 உங்களுக்குக் கிடைக்காமல் போகும், ஏனென்றால் அதன் நண்பன் 76084 எல்லைக்கு வெளியே நிற்கிறது. எல்லையைத் தாண்டிய நண்பனுக்கு மட்டும் தனியாகக் காரணித் தொகை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். சிறிய எண் ஒரு லட்சத்துக்குள் இருக்கிற ஜோடிகள் 13. உங்களுக்குக் குறைவாக வந்தால் இங்கேதான் கோளாறு இருக்கும்.

அந்தப் பதின்மூன்றில் 12285, 14595 ஜோடியை நின்று பாருங்கள். இரண்டுமே ஒற்றைப்படை, முதல் ஒற்றைப்படை ஜோடி இதுதான். ஏன் இவ்வளவு தள்ளி வருகிறது? சிறிய எண் மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்றேன் அல்லவா, ஒற்றைப்படை மிகை எண்களிலேயே மிகச் சிறியது 945. அதுவரை ஒற்றைப்படையில் ஒன்றுமே இல்லை. 12285 என்பது 945×13!

10000-க்குள் இருக்கிற ஐந்து ஜோடிகளிலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 9-ஆல் வகுபடும்: 504, 2394, 5544, 10584, 12600. இதைப் பார்த்ததும் விதி என்று எழுதிவிடாதீர்கள். 12285+14595 = 26880, இது வகுபடாது. இரட்டைப்படை ஜோடிகளிலும் பெரிய எண்களுக்குப் போனால் விதிவிலக்குகள் உண்டு.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போனால்

ஏதாவது ஒரு எண்ணில் ஆரம்பித்து, (அந்த எண்ணை விட்டுவிட்டுக் கூட்டிய) காரணித் தொகை, அதன் காரணித் தொகை என்று போய்க்கொண்டே இருங்கள். 12-இல் ஆரம்பித்தால் 16, 15, 9, 4, 3, 1, முடிந்தது. 95-இல் ஆரம்பித்தால் 25, பிறகு 6, அங்கேயே நின்றுவிடும். 562-இல் ஆரம்பித்தால் ஒரே தாவலில் 284, அப்புறம் 220, 284, 220 என்று முடிவேயில்லாமல் ஊசலாடும். இரண்டு பேர் வட்டம் நட்பு எண்கள் என்றால் ஐந்து பேர் வட்டமும் இருக்கிறது: 12496, 14288, 15472, 14536, 14264, திரும்ப 12496. 1918-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பூலே இதையும், 14316-இல் தொடங்கும் 28 எண்கள் கொண்ட ஒரு வட்டத்தையும் கண்டுபிடித்தார். மூன்று பேர் வட்டம் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

276-இல் மட்டும் கையால் ஆரம்பிக்காதீர்கள். 396, 696, 1104 என்று ஏறிக்கொண்டே போகும். கணினிகள் இருநூறு இலக்கங்களைத் தாண்டியும் துரத்திப் பார்த்துவிட்டன. அது இறங்கி 1-இல் முடியுமா, வட்டத்தில் சிக்குமா, ஏறிக்கொண்டே போகுமா என்று எவருக்கும் தெரியாது.

இன்னும் திறந்தே கிடக்கிறவை

நட்பு ஜோடிகள் இன்று நூறு கோடிக்கும் மேல் தெரியும். ஆனாலும் அவை முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. போகப் போக அவை அருகிப் போகின்றன என்பது மட்டும் உறுதி; ஹங்கேரியக் கணித அறிஞர் எர்டிஷ் 1955-இல் அதை நிரூபித்தார், எண்களின் கடலில் அவற்றின் பங்கு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. பொதுக்காரணியே இல்லாத (1-ஐத் தவிர) ஒரு ஜோடியும் கிடைத்ததில்லை.

ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை என்று ஒரு ஜோடி உண்டா? இதுவும் கிடைத்ததில்லை, ஆனால் இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று நம் கைக்கு வந்த கருவியாலேயே சொல்லிவிடலாம். இரண்டையும் கூட்டினால் ஒற்றைப்படை, ஆக முழுக் காரணித் தொகையும் ஒற்றைப்படை. அந்தத் தொகை பெருக்கலால் வருவது. ஒரு பெருக்கல் ஒற்றைப்படையாக வர ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 1+2+4+... எப்போதும் ஒற்றைப்படைதான், பிரச்சினை இல்லை. ஆனால் ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கு, 1+11 இரட்டைப்படை, 1+11+121 ஒற்றைப்படை. அதாவது அந்தப் பகா எண் வருகிற தடவைகள் இரட்டைப்படையாக (2, 4, 6 என்று) இருக்க வேண்டும். இது எல்லா ஒற்றைப்படைப் பகா எண்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால், ஜோடியில் ஒற்றைப்படை எண் முழு வர்க்கமாக இருந்தாக வேண்டும், இரட்டைப்படை எண் ஒரு வர்க்கமாகவோ ஒரு வர்க்கத்தின் இரட்டிப்பாகவோ இருந்தாக வேண்டும். இத்தனை இறுக்கமான நிபந்தனை இருந்தும், அப்படி ஒரு ஜோடி இல்லவே இல்லை என்று யாராலும் முடித்துவைக்க முடியவில்லை.

கையை விட்டுவிடாமல் இருக்க ஒரு கணக்கு: 10744 = 8×17×79. இதன் நண்பனும் 8-ஐப் பொதுவாக வைத்துக்கொண்ட, இரண்டு பகா எண்கள் கொண்ட எண்தான். 18×80 = 1440 என்று எழுதிக்கொண்டு, 1440-ஐ வேறு எப்படியெல்லாம் இரண்டாகப் பிரிக்கலாம் என்று தேட ஆரம்பியுங்கள்.